அத்தை சாப்பிடாத ஆளி விதை

அன்புள்ள அத்தை,

நேற்று மீன்சுருட்டிக்குப் போய் உங்கள் வீட்டைத் திறந்தேன். பூட்டியே கிடந்தால் கறையான் ஏறிவிடும் என்று உங்கள் மகள் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் அந்த வாசலில் கால் வைக்கத் தெம்பு வரவில்லை. அதனால் நான் மட்டும் போனேன். சன்னல்களைத் திறந்துவிட்டு அடுப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அலமாரியின் மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா அகப்பட்டது. மூடியை நெம்பித் திறந்ததும் காறல் வாடை குப்பென்று வந்தது. உள்ளே ஆளி விதைப் பொடி. கடைசியாக நான் அரைத்துக் கொடுத்தது.

முழு விதையாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. பொடித்துவிட்டால் அதிலிருக்கும் எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காறிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, இறுக மூடி, பிரிட்ஜில் வைக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உங்களிடம் சொன்னேன் என்று எழுதுகிறேனே, அதுவும் முழு உண்மை இல்லை. முதல் பதினோரு வருடம் நான் சொன்னதெல்லாம் உங்கள் அடுப்படிக் கதவிடம்தான்.

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அந்த வாடை மட்டும் ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறிய பிறகும் கையில் இருந்தது. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் ஒன்று பாக்கி இருக்கிறது.

கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டு வழக்கம் எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் குரும்பலூரில் மாமியார்கள் மாப்பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, ஊர்க்கதை அத்தனையும் பேசித் தீர்த்த பிறகுதான் சாப்பாடே போடுவார்கள். நீங்கள் என் எதிரில் வரவே மாட்டீர்கள். நான் கூடத்தில் உட்கார்ந்தால் நீங்கள் கதவுக்குப் பின்னால் நிற்பீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சேலை ஓரமும் நாலு கால் விரலும்தான். பேச்செல்லாம் மகள் வழியாக வரும். "மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊத்தச் சொல்லு" என்பீர்கள். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் எனக்கு அது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அவள் அதைத் திருப்பிச் சொல்லும்வரை கேட்காதவன் மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் கிணற்றடிக்குப் போயிருந்தால் கன்றுக்குட்டியிடம் சொல்வீர்கள். மாப்பிள்ளை வெயிலில் வந்திருக்கிறார், மோர் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கன்றுக்குட்டி எத்தனை செய்தி சுமந்திருக்கும். அதை விற்றபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, நமக்கு இருந்த ஒரே தூது அதுதானே.

மாமா போன பிறகும் நீங்கள் அந்த வழக்கத்தை விடவில்லை. முந்திரித் தோப்பையும் இரண்டு மாட்டையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தீர்கள். ஒருநாள் தோப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். உங்கள் மகள் போய், நாங்கள் இருக்கும் பெரம்பலூருக்கு அழைத்து வந்தாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற ஆள் நான்தான். என்னோடு வேலை செய்கிற பெண் அன்றைக்கு லீவு.

நான் எத்தனை பேருக்கு ஊசி போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. கத்துகிற பிள்ளைகளுக்கும், நரம்பே அகப்படாத கிழவர்களுக்கும் போட்டிருக்கிறேன். உங்கள் கையைப் பிடிக்கத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினீர்கள். முந்திரிக்கொட்டைத் தோலின் பால் பட்டுக் கறுத்த விரல்கள். முதல் தடவை நரம்பு வழுக்கிவிட்டது. இரண்டாவது தடவை குத்த வேண்டியதாகிவிட்டது. நீங்கள் மகளிடம் சொன்னீர்கள்.

"வலிக்கலன்னு சொல்லு."

ரிப்போர்ட்டில் கொழுப்பு கூடுதலாக இருந்தது. ரொம்ப மோசமில்லை, ஆனால் விட்டால் மோசமாகும் என்கிற அளவு. ரத்த அழுத்தத்துக்கு நீங்கள் ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அதை நிறுத்தக் கூடாது, கொழுப்புக்கு மட்டும் மூன்று மாதம் சாப்பாட்டிலேயே பார்ப்போம், குறையாவிட்டால் அதற்கும் மாத்திரை எழுதுகிறேன் என்றார் டாக்டர். எண்ணெயைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிட்டால் நல்லது என்றார். நீங்களும் உங்கள் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். ஏரி மீன் குழம்பு என்றால் உயிராக இருந்தவர் நீங்கள். வருடக்கணக்காக வயிற்றில் எதுவும் தங்காமல், ஒரு பிள்ளையைக் கொடு, மீனை விட்டுவிடுகிறேன் என்று குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டீர்கள். பிள்ளை பிறந்தது. மீன் போனது. அந்தப் பிள்ளைதான் உங்கள் பக்கத்தில் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அப்போதுதான் டாக்டர் ஆளி விதையைச் சொன்னார். மீனில் இருக்கிற நல்ல கொழுப்பின் வகையைச் சேர்ந்தது இதிலும் இருக்கிறது. மீனுக்கு முழு ஈடு என்று சொல்ல முடியாது. உடம்பு இதிலிருந்து கொஞ்சத்தைத்தான் அப்படி மாற்றிக்கொள்ளும். ஆனால் மீனில் இல்லாத நார்ச்சத்து இதில் நிறைய உண்டு. தண்ணீரில் ஊறினால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று வருமே, அந்தப் பசைதான் குடலில் கொழுப்பைக் கொஞ்சம் பிடித்து வெளியே தள்ளுகிறது. மலச்சிக்கலுக்கும் நல்லது. அந்தத் தொந்தரவும் உங்களுக்கு இருந்தது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையிடம் சொல்கிற விஷயமா அது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் வாங்கி, வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தேன். எள்ளைப் போலவே படபடவென்று துள்ளும், கொஞ்சம் அசந்தால் அடுப்படி முழுக்கச் சிதறும். ஆறவைத்துப் பொடித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். கூடத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்து ஒரு சொற்பொழிவே நடத்தினேன். முழு விதையாகத் தின்றால் வந்த வழியே அப்படியே போய்விடும், பொடித்தால்தான் உடம்பில் ஒட்டும். ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன். சாப்பிட்டதும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைக் கட்டிக்கொள்ளும். கதவோரம் நாலு விரலில் ஒன்று மட்டும் அசைந்தது. புரிந்துகொண்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை வந்தபோது தோசை மேல் அந்தப் பொடியைத் தூவிக் கொடுத்தீர்கள். நல்லா இருக்கு என்று சொல்லிவைத்தேன். மாப்பிள்ளை வேறு என்ன சொல்ல முடியும். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டீர்கள். அதற்கடுத்த தடவை கேழ்வரகு அடையில் வந்தது. அப்புறம் மோரில் வந்தது, கீரைக் கூட்டில் வந்தது. வெல்லமும் முந்திரியும் சேர்த்து உருண்டை பிடித்துத் தட்டு நிறைய வைத்தீர்கள், வாரம் முழுக்கத் தின்ன ஒரு டப்பாவும் கொடுத்தனுப்பினீர்கள். மாப்பிள்ளை இலையில் மிச்சம் வைத்தால் மாமியார் சமையலுக்குக் குறை என்று நான் எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன். ஒரு ஞாயிறு ஆறு உருண்டை. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வயிறு தன் வேலையைக் காட்டியது. உடையார்பாளையத்தில் கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கி ஓடினேன். உங்கள் மகள் பையோடு ரோட்டோரத்தில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நார்ச்சத்து பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவனுக்கு அது தேவைதான்.

மூன்று மாதம் ஆனது. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கையை நீட்டினீர்கள். இந்தத் தடவை ஒரே குத்தில் எடுத்துவிட்டேன். அந்த வாரம்தான் புது மெஷின் வந்திருந்தது. சரிபார்க்க என் ரத்தத்தையும் கொடுத்திருந்தேன். சாயங்காலம் இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றாக என் மேசைக்கு வந்தன. உங்களுடையது துளிகூட இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. என்னுடையதில்தான், எப்போதும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிற கொழுப்பு, நன்றாக இறங்கியிருந்தது.

முதலில் பெயர் மாறிவிட்டதோ என்று டியூபைப் போய்ப் பார்த்தேன். மாறவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தபோது விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து உங்கள் மகளிடம் கேட்டேன், உங்கம்மா அந்தப் பொடியைச் சாப்பிடுகிறார்களா என்று. அவள் என்னை ஒரு விவரம் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"மாப்பிள்ளை வாங்கிட்டு வந்தத அவங்க எப்புடிங்க திம்பாங்க? நீங்க வர்றப்ப உங்களுக்குச் செய்யத்தான எடுத்து வச்சிருக்காங்க."

எனக்குக் கோபம் வந்தது, அத்தை. உங்கள் மேல்கூட இல்லை. இலையைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் தின்ற என் மேல். உங்கள் மருந்தையல்லவா தின்றிருக்கிறேன். யார் சாப்பிட்டார்கள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். ஒவ்வொரு வாரமும் பேசுவதற்குக் கதவு கிடைத்தது, கேட்பதற்கு மட்டும் கிடைக்கவில்லை. டாக்டர் கொழுப்புக்கும் மாத்திரை எழுதிவிட்டார். உங்களுக்குத் தலை சுற்றியது நின்றபாடில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு வரும்போது வரப்பில் விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்பதே எனக்கு வேலை நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு இலை போட்டீர்கள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, ஓரத்தில் பொடி தூவிய பொரியல். நான் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், சாப்பிடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தேன். உங்கள் மகள் என்னங்க, என்னங்க என்று இரண்டு தடவை கேட்டாள். நான் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னேன்.

"அத்தை, நீங்க வந்து உக்காந்து சாப்புட்டாத்தான் நான் கை வைப்பேன்."

மாப்பிள்ளை இலையில் கை வைக்காமல் எழுந்து போவதைவிடப் பெரிய அவமானம் உங்கள் வீட்டுக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன். பெரியவரை மிரட்டியது மாதிரிதானே. குழம்பில் ஆடை கட்டியது. உங்கள் மகள் என்னைக் கெஞ்சினாள், பிறகு உள்ளே போய் உங்களைக் கெஞ்சினாள், அப்புறம் நடுவில் நின்று அழத் தொடங்கிவிட்டாள். எழுந்துவிடலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது.

அப்போது தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. நீங்கள் வெளியே வந்தீர்கள். கல்யாணத்தன்று மணவறையில் பார்த்ததற்குப் பிறகு உங்கள் முகத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, கண் சிவந்திருந்தது. அடுப்படி நிலைப்படியிலேயே எனக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்தீர்கள். பொரியலைப் பிசைந்து ஒரு வாய் போட்டீர்கள், இன்னொரு வாய் போட்டீர்கள். நானும் தின்றேன். பாதிச் சோறு போன பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்னதுதான் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு.

"நல்லாத்தான் இருக்கு. இத்தன நாளு நீங்க மரியாதிக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு மூன்று வருடம். ஞாயிறு தவறாமல் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதி முதுகு மெல்ல மெல்லக் கால் முதுகானது, அப்புறம் நேராகவே உட்கார்ந்தீர்கள். உங்களுக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று யார் கண்டது. பக்கத்துத் தோப்புக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டது முதல், பொடி சேர்த்தால் அடை ஏன் விண்டு போவதில்லை என்பது வரை சொல்வீர்கள். மற்ற நாளிலும் காலையில் மோரில் கலக்கிக் குடித்துவிட்டு, பெரிய செம்பில் தண்ணீரும் குடித்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டு ஆச்சு என்று மாப்பிள்ளையிடம் சொல்லச் சொல்வீர்கள். ரிப்போர்ட் நன்றாக வந்தது. நீங்கள் தெருவெல்லாம் ஆளி விதைதான் காப்பாற்றியது என்று சொல்லிவைத்தீர்கள். அந்த ஒன்றில் மட்டும் நான் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். மாத்திரை பாதி வேலை செய்தது. எண்ணெய் குறைந்ததும் ஏரிக்கரை வரை நடந்ததும் மிச்சத்தில் பெரும்பங்கு. விதைக்கும் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான். அது நல்ல சாப்பாடு, மருந்து இல்லை. பக்கத்து வீட்டம்மா அதை நம்பி மாத்திரையை நிறுத்தப் போனபோது நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சத்தம் போட்டோமே. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது என்று நீங்களே பாடம் எடுத்தீர்கள், நான் சொன்ன வார்த்தை பிசகாமல். கதவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

கடைசி ஞாயிறு. உங்கள் மகள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் நான் மட்டும் வந்தேன். நடுவில் ஆள் இல்லாமல் நாம் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரே தடவைதான். மோர் ஊற்றிவிட்டு, ஏதோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டீர்கள்.

"மாப்ள, எம் பொண்ணு இந்தப் பொடியச் சாப்புடுறாளா?"

சாப்பிடுகிறாள் அத்தை என்று உடனே சொல்லிவிட்டேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"நீங்க பாத்தீங்களா?"

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அவள் தட்டு எனக்கு நினைவுக்கே வரவில்லை. நீங்கள் மோரை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். வியாழக்கிழமை காலை பால் கறக்க வந்த ஆள் கூப்பிட்டும் நீங்கள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். எந்த விதையும் எந்த மாத்திரையும் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளாது என்று ரத்தப் பரிசோதனைக்காரனுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

காரியம் முடிந்து பெரம்பலூர் திரும்பிய மறுநாளிலிருந்து நான் கவனித்தேன். காலையில் எனக்குப் பொடி தூவிய தோசை வரும். நான் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பேன். அவள் அதற்குப் பிறகு சாப்பிடுவாள். ஒருநாள் வேண்டுமென்றே ஹெல்மெட்டை மறந்தது போல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அடுப்பு மேடையோரம் நின்றபடி, முந்தின நாள் சோற்றில் மோரை ஊற்றித் தின்றுகொண்டிருந்தாள். பொடி எங்கே என்றேன். கொஞ்சம்தான் இருந்தது, உங்களுக்கு நாளைக்கு வேணுமே என்றாள். பதினான்கு வருடமாக என்னோடு இருக்கிறவளுக்கு ஒரு தடவைகூட நான் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை, அத்தை. அன்றைக்கே அழைத்துக்கொண்டு போய் எடுத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நான் குத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொழுப்பு உங்களுடையது மாதிரியேதான். முதல் ரிப்போர்ட்டில் நீங்கள் நின்ற இடத்தில் அவள் நிற்கிறாள்.

உங்களை மிரட்டியது மாதிரி அவளை மிரட்ட எனக்கு மனசு வரவில்லை. நானே ஒரு பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கூச்சமா இருக்கு, நீங்க போங்க என்றாள். நான் போகவில்லை. முதல் வாரம் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள், சட்னி எடுக்க, பால் பொங்குகிறதா என்று பார்க்க, ஏதோ ஒரு சாக்கு. வேலைக்கு நாலு நாள் தாமதமாகப் போய் நானும் பேச்சு வாங்கினேன். மீனை விட்டு வாங்கிய பிள்ளை, அவ்வளவு லேசில் வழிக்கு வருவாளா. இப்போது இரண்டு தட்டையும் அவளே எடுத்து வைக்கிறாள். டாக்டர் மூன்று மாதம் கொடுத்திருக்கிறார். எப்படி வருமோ தெரியாது.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். இன்று காலை கேழ்வரகு அடை. பொடி சேர்த்துத்தான் தட்டினாள். இரண்டு சாப்பிட்டாள், ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

பார்த்தேன், அத்தை.

உங்கள் மாப்பிள்ளை